இனிக்கும் உப்பு என்று எழுதினேன்

கட்டுரை, கவிதை, மேடைப்பேச்சு என்று எதை எழுதினாலும் நான் இத்தனை காலமும் ஒரே தந்திரத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். எதிரெதிரான இரண்டு சொற்களைப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது. மௌனத்தின் இரைச்சல். சுகமான ரணம். வெளிச்சமான இருட்டு. ஏழைப் பணக்காரன். என் பழைய கோப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒன்றாவது அகப்படும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எனக்கே பொருள் தெரியாது. தெரியாமலேதான் எழுதினேன், தெரிந்தவன் போல வாசித்தேன், பாராட்டு வந்தபோது தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

கற்றுக்கொண்ட இடம் கல்லூரிக் கவியரங்கம். எண்பதுகளின் நடுவில் தமிழ் இலக்கியம் படித்தேன். மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ விடுதியில் அறைக்கு அறை கைமாறிக்கொண்டிருந்தது. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’யை மனப்பாடமாகச் சொல்லும் சீனியர்கள் இருந்தார்கள். 1986இல் மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ வந்தபோது படத்தின் பெயரே எங்களுக்குப் பாடமாகிவிட்டது. காதலனைப் பறிகொடுத்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் மனைவியாக இருக்கிறாள் ஒரு பெண். அவளுக்கும் அவருக்கும் நடுவே பேச்சில்லாமலே ஏதோ ஒன்று வளர்கிறது. அந்தப் பெயர் அதைத்தான் சுமக்கிறது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இரண்டு எதிர்ச்சொல் சேர்ந்தால் ஒரு தலைப்பு. எங்களுக்கு விளங்கியது அவ்வளவுதான். அந்த வருடக் கல்லூரி மலரில் ‘ஊமைக் குயில்’, ‘உறங்கும் எரிமலை’, ‘நிழலின் வெயில்’ என்று வரிசையாகக் கவிதைகள் வந்தன. கடைசியில் சொன்னது என்னுடையது. நிழலுக்கு எப்படி வெயில் வரும் என்று என் அறைத்தோழன் ஒருவன் மட்டும் கேட்டான். அவனுக்கு ரசனை இல்லை என்று முடிவு செய்தேன்.

மேடை ஏறியவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். முரண் வந்த இடத்தில் கைதட்டல் வரும். கேட்பவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. அது என்னவென்று அவர் யோசிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். கவியரங்கத்தில் யாரும் நிறுத்தி, “அதற்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்பதில்லை. “ஒன்ஸ் மோர்!” என்றுதான் கேட்பார்கள்.

வெட்கம் என்னவென்றால், இலக்கணம் தெரியாமல் செய்த பிழை இல்லை இது. தொல்காப்பியர் செய்யுளியலில் முரணைச் சொல்லில் வருவது, பொருளில் வருவது என்று பார்க்கிறார். யாப்பருங்கலக் காரிகை மோனை, எதுகை, இயைபு, அளபெடையோடு முரணையும் ஒரு தொடையாக வைக்கிறது. அடிமுரணுக்கு அங்கே காட்டப்படும் நெய்தல் பாட்டு தமிழ் படித்த எல்லோருக்கும் பழக்கம். கடல்நீர் இருட்டைப் போல, அதன் பக்கத்து மணல் நிலவொளியைப் போல. புன்னையின் கிளைக்கு இரும்பின் நிறம், அதிலிருந்து உதிரும் தாதுக்குப் பொன்னின் நிறம். பிறகு சின்னக் குடியிருப்பு, பெரிய கண்கள். இருளுக்கு நிலவு, இரும்புக்குப் பொன், சிறுமைக்குப் பெருமை என்று அடிக்கோடிட்டு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் புலவர் ஒரு கடற்கரையில் நின்று பார்த்திருக்கிறார் என்பது மட்டும் உறைக்கவில்லை. புன்னையின் கிளை நிஜமாகவே கரியது, அதன் மகரந்தம் நிஜமாகவே மஞ்சள். எதிரெதிர் நிறம் மரத்திலேயே இருக்கிறது. புலவர் அதை எடுத்து அடிகளின் தலையில் வைத்தார். நானோ மரமே இல்லாமல் இரும்பையும் பொன்னையும் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னதை வாலிபக் குறும்பு என்று தள்ளிவிடலாம். தூத்துக்குடி உப்பளம் பற்றி ஒரு வார இதழுக்கு எழுதியதை அப்படித் தள்ள முடியாது.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பகுதி தூத்துக்குடிப் பக்கம். மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் சரிசெய்து உவர்நீர் பாய்ச்சுவார்கள். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு படியும். வெயில் ஏறுமுன் முடிந்த மட்டும் வேலையைப் பார்த்துவிட வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளி, தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். சூரியன் மேலே வந்துவிட்டால் அந்த வெள்ளைப் பரப்பைக் கண்கொண்டு பார்க்க முடியாது, கூசும். கால் வெடிப்பில் உவர்நீர் ஏறினால் எப்படி எரியும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டேன், வரப்பில் ஷூ போட்டுக்கொண்டு நின்றபடி.

ஒரு அக்கா என்னிடம் நெடுநேரம் பேசினார். பெயர் வேண்டாம். அவர் சொன்ன ஒன்று என் நோட்டில் இன்னும் இருக்கிறது.

“தாகம் எடுத்தாலும் வேலை நேரத்துல தண்ணி குடிக்க மாட்டோம் தம்பி. குடிச்சா ஒதுங்கணும்லா? இந்த வெட்டவெளியில எங்க போய் ஒதுங்க? ஒரு கக்கூசு கட்டித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு.”

அறைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். தலைப்பு முதலில் வந்துவிட்டது: ‘இனிக்கும் உப்பு’. எனக்கு எப்போதும் தலைப்புதான் முதலில் வரும், நோய் முற்றியதற்கு அதுவே அடையாளம். உப்பு எப்படி இனித்தது என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. கடைசிப் பத்தியில் தயாரித்தேன்: உழைப்பவர்களின் வியர்வை கலந்ததால் அது இனிக்கிறதாம். வியர்வையும் உப்புதான் என்பது அச்சான பிறகுதான் உறைத்தது.

அதைக்கூட அசட்டுத்தனம் என்று மன்னித்துவிடலாம். அந்த அக்கா சொன்ன தாகத்தை எப்படி எழுதினேன் என்பதுதான் விஷயம். ‘தண்ணீருக்கு நடுவே தாகம்’ என்று எழுதினேன். உதவி ஆசிரியருக்குப் பிடித்துப்போய் அதைத் தனியாக எடுத்துக் கட்டம் கட்டிப் போட்டார். படிக்கிறவருக்கு அதில் என்ன தெரியும்? கடலோரம், உப்புத் தண்ணீர், குடிக்க முடியாது, ஐயோ பாவம், இயற்கையின் விளையாட்டைப் பாருங்கள் என்று தெரியும். இயற்கை அங்கே எதுவும் விளையாடவில்லை. குடிக்கத் தண்ணீர் அவர்கள் கையிலேயே இருந்தது. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து வரப்போரம் வைத்திருந்தார்கள். குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் நான்கு சுவரும் ஒரு கதவும் இல்லாதது. அதைக் கட்டித் தர வேண்டிய ஒருவர் இருந்தார். என் தொடரில் அவர் இல்லை. கடல் மேல் பழியைப் போட்டு அவரைத் தப்பவிட்டேன்.

அந்த அக்காவின் பேச்சிலும் முரண் இருந்ததே, கவனித்தீர்களா? தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில், தாகம் தொண்டையில், ஆனால் குடிக்கக் கூடாது. அவர் அதைக் காரணத்தோடு சொன்னார். நான் காரணத்தை வெட்டிவிட்டு முரணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஏன் வெட்டினேன்? இடம் அசிங்கமாகத் தெரியும், கட்டுரையின் தொனி கெடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். ‘இந்த உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை’ என்று எழுதினால் அது சரிபார்க்கக்கூடிய வாக்கியம். உரிமையாளர் போன் செய்யலாம். ஆசிரியர் ஆதாரம் கேட்கலாம். மறுப்புக் கடிதம் வரலாம். ‘தண்ணீருக்கு நடுவே தாகம்’ என்பதை யார் மறுக்க முடியும்? எவருக்கும் வலிக்காது, எவரும் வழக்குப் போட முடியாது. நான் எழுதிய முரண்தொடர்களில் பாதி அழகுக்காக வந்தவை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு நேர்வாக்கியத்தை எழுதப் பயந்த இடத்தில்தான் அவை நிற்கின்றன.

இதழ் வந்ததும் அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். போனில், “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி” என்றார். கொஞ்சம் விட்டு, “கக்கூசு இல்லைன்னு சொன்னேனே, அதைப் போடலியே?” என்றார்.

“இடம் பத்தலக்கா” என்றேன்.

பொய். உப்பு அம்பாரத்தின் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். வானத்தைப் பற்றியும் அலையைப் பற்றியும் நான் வேறு பத்தி பத்தியாக எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரைக்கு ஒரு அமைப்பு பரிசு கொடுத்தது, போய் வாங்கிக்கொண்டேன். ஏற்புரையில் கட்டம் கட்டிய அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன், வழக்கம்போல் கைதட்டல். அதற்குப் பிறகும் கழிப்பறையைப் பற்றி எங்கும் எழுதவில்லை. எழுதினால் பரிசு வாங்கிய கட்டுரையில் அது விடுபட்டது வெளியே தெரிந்துவிடும் அல்லவா?

அந்தப் போன் பேச்சு என்னைத் திருத்திவிடவில்லை. ஆனால் படிக்கும்போது கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. காமத்துப்பாலில் புணர்ச்சி மகிழ்தல் அதிகாரத்தில் 1104ஆம் குறள். காதலியிடம் ஒரு விசித்திரமான தீ இருக்கிறதாம். விட்டு விலகினால் சுடுகிறது, கிட்டே வந்தால் குளிர்கிறது. இதை எங்கிருந்து பெற்றாள் என்று அவன் வியக்கிறான். நானாக இருந்தால் ‘குளிர்ந்த நெருப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். வள்ளுவர் நெருப்பையும் குளிரையும் ஒட்ட வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே தூரத்தை வைக்கிறார். எப்போது சுடும், எப்போது குளிரும் என்று சொல்கிறார். அடுப்புத் தீ நெருங்கினால் சுடும், விலகினால் ஆறும். இந்தத் தீ அதற்கு நேர் தலைகீழ், அதனால்தான் எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கே இடம் வருகிறது. அந்தத் தூரத்தை எடுத்துவிட்டால் குறளில் பிரிவும் இல்லை, கூடலும் இல்லை. பிரிந்தவன் ஒருவன் தவித்தான் என்பதே இல்லை. என்னுடைய தொடர்களில் எதிலுமே தூரம் கிடையாது. எப்போது, யாருக்கு, எதனால் என்ற கேள்வி கேட்டால் ஒன்றும் நிற்காது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையின் புறநானூற்றுப் பாட்டையும் அப்படித்தான் தவறவிட்டிருந்தேன். பழிப்பது போலப் புகழ்வது, புகழ்வது போலப் பழிப்பது என்று வகுப்பில் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். திரும்பப் படித்தால் அதில் இருப்பது கிட்டத்தட்ட சரக்குப் பட்டியல். இங்கே தொண்டைமானிடம் உள்ள ஆயுதங்களுக்கு மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு, காவல் உள்ள பெரிய மனை. அங்கே அதியமானிடம் உள்ளவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இருவரில் யார் வலியவர் என்று ஔவை சொல்லவே இல்லை. தொண்டைமானுக்கு நெய்யும் மாலையும் போதும், புரிந்திருக்கும்.

ஆனால் என் முகத்தை அப்படியே காட்டியவர் ஷேக்ஸ்பியர். ரோமியோ ஜூலியட்டைக் கல்லூரியில் கதைச்சுருக்கமாகத்தான் படித்தேன். ரோமியோ பேசும் எதிர்ச்சொல் அடுக்கை முரண்தொடரின் உச்சம் என்று யாரோ எழுதியதைப் பார்த்து, நானும் மேடைகளில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாடகத்தை முழுதாகப் படித்தது தலை நரைத்த பிறகு. முதல் அங்கத்தில் ரோமியோ உருகுவது ஜூலியட்டுக்காக இல்லை, ரோசலைன் என்ற பெண்ணுக்காக. தெருவில் இரண்டு குடும்பத்து ஆட்களும் மோதி ஓய்ந்த சுவட்டைப் பார்த்ததும், கனம் லேசு, நெருப்பு குளிர், நோய் நலம் என்று அவன் வாயிலிருந்து மூச்சுவிடாமல் கொட்டுகிறது. அந்த ரோசலைன் நாடகத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அன்று இரவே ஜூலியட்டைப் பார்த்து அவளை மறந்துவிடுகிறான். அவனுடைய அந்தக் காதல் புத்தகத்திலிருந்து கடன் வாங்கியது என்று காட்டத்தான் ஷேக்ஸ்பியர் அவனை அப்படிப் பேச விட்டிருக்கிறார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கைப் பார்த்து அந்தக் காலத்து சானெட் கவிஞர்கள் எழுதிக் குவித்த பாணி அது. கிண்டல் செய்வதற்காக எழுதப்பட்டதை நான் உச்சம் என்று பாராட்டியிருக்கிறேன்.

மூன்றாம் அங்கத்தில் அதே கருவியை ஜூலியட் எடுக்கிறாள். அன்றுதான் அவளை மணந்துகொண்டவன் அவள் மாமன் மகன் டிபால்ட்டைக் கொன்றுவிட்டான் என்று செய்தி வருகிறது. அழகையும் கொடுமையையும் ஒரே ஆளுக்குச் சூட்டி அவளும் அடுக்குகிறாள். அவளால் கணவனை வெறுக்கவும் முடியாது, செத்தவனை மறக்கவும் முடியாது. கொஞ்ச நேரத்திலேயே செவிலி ரோமியோவைச் சபிக்க, செவிலி மேல் பாய்கிறாள். ஒரே நாடகத்தில் ஒரே அணி, ஒன்று வாய்ப்பந்தல், இன்னொன்று வேறு வழியில்லாமல் வந்தது. நான் முதல் அங்கத்திலேயே நின்றுவிட்டவன். வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

முரண் ஒன்றுதான் என் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சலிக் கட்டுரைகளில் வானத்தையும் விட்டுவைத்ததில்லை. யார் இறந்தாலும் என் பேனாவில் வானம் அழும். ஒருமுறை கத்திரி வெயிலில் ஒரு தலைவர் மறைந்தார். ‘அழவும் மறந்து வானம் விறைத்து நின்றது’ என்று எழுதினேன். மழை பெய்தாலும் துக்கம், பெய்யாவிட்டாலும் துக்கம். கேட்டால் தற்குறிப்பேற்ற அணி, சிலப்பதிகாரத்தில் இளங்கோவே செய்திருக்கிறார் என்பேன். செய்திருக்கிறார்தான். மதுரைக்கு வெளியே வையை பூக்களால் தன்னை மூடிக் கண்ணீரை மறைத்துக்கொண்டு போகிறாள். மதில்மேல் கொடிகள் வர வேண்டாம் என்று கைகாட்டுகின்றன. ஆனால் கோவலனும் கண்ணகியும் அதே ஆற்றைப் பார்த்து, இது பூக்களின் ஆறு என்று வியந்து, மரப்புணையில் ஏறி அக்கரைக்குப் போகிறார்கள். அழுகை நமக்குத் தெரிகிறது, போகிறவர்களுக்குத் தெரியவில்லை. வயிறு கலங்குவது அதனால்தான். என் வானம் யாருக்கும் தெரியாத எதையும் சொன்னதில்லை.

அசோகமித்திரனுக்கு நடையே இல்லை என்று ஒரு இலக்கியக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். ‘புலிக் கலைஞன்’ கதையைப் படித்த பிறகும் அப்படிப் பேசினேன் என்பது அதைவிட மோசம். சினிமா கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டு வரும் ஒருவன் அந்த அறையிலேயே புலியாகிக் காட்டுகிறான். பார்ப்பவர்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. அடுத்த நிமிடம் அவன் மறுபடி கெஞ்சுகிற ஏழை. கதையில் ஒரு முரண்தொடரும் இல்லை, தேவையும் இல்லை. நானாக இருந்தால் ‘பூனைப் புலி’ என்று பெயர் வைத்து, கதை தொடங்குவதற்கு முன்பே அதைக் கெடுத்திருப்பேன்.

இவ்வளவையும் எனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். கற்றும் கொடுத்தேன். கல்லூரிகளில் படைப்பெழுத்துப் பட்டறை என்று கூப்பிடுவார்கள். இரண்டு பத்தியாக அச்சடித்த ஒரு தாளைக் கொண்டுபோவேன். இடப்பக்கம் இனிய, குளிர்ந்த, மென்மையான, பாசமான. வலப்பக்கம் வலி, நெருப்பு, முள், பயம். கோடு போட்டு இணையுங்கள் என்பேன். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்கக் கவிஞர்கள். அத்தனை பேருக்கும் அத்தனை சுலபமாக வருகிறதே, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அங்கேயாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பின்வரிசையில் ஒரு மாணவி அந்தத் தாளைத் தொடவில்லை. அவள் அப்பாவைப் பற்றித் தனியாக எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். அப்பா தூங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் சிரிப்போம் என்று ஒரு வரி இருந்தது.

“நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா அணி ஒண்ணும் இல்லையே” என்றேன். அவளை விட்டே அந்த வரியை அடிக்கச் சொல்லி, அதற்கு மேலே ‘பாசமான பயம்’ என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். “சரிங்க சார்” என்றாள். கல்லூரி மலரில் அப்படியேதான் வந்தது.

எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற பிள்ளைகள். அந்த வீடு முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. பாசம் என்ற சொல்லை அவள் எங்குமே எழுதவில்லை, அதைச் சேர்த்தது நான். அது பாசமே இல்லாத வீடாக இருந்திருந்தால்? உப்பளத்துக்காரரைத் தப்பவிட்டது போலவே, கேட்காமலே ஒரு அப்பாவையும் நல்லவராக்கி விட்டுவிட்டேன்.

என் பட்டறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டு பத்தித் தாள் இன்னும் கையில் இருந்தால், தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். அந்த மாணவி படித்தால்: நீ அடித்த வரியைத் திரும்ப எழுதிக்கொள்ளம்மா, அதில் குறை எதுவும் இல்லை. உப்பளத்து அக்கா சொன்னதை மேலே அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன். அந்த இதழில் விட்டுப்போன செய்தி இதுதான்: அவர்கள் வேலை பார்த்த உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கட்டித் தரச் சொல்லி அவர்கள் பலமுறை கேட்டிருந்தார்கள்.